மிளகின் கூடை நகர்ந்த கதை: 16 ராத்திரிகள்

தைப் பொங்கல் முடிந்த வாரம் சேலத்திலிருந்து மிளகு என்ற நாய்க்குட்டியை ஏற்காட்டுக்குக் கொண்டு வந்தோம். டாஷ்ஹண்ட் இனப் பெட்டைக்குட்டி, 8 வாரம் முடிந்திருந்தது. எடை 2 கிலோகூட இல்லை. உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்கு மேலே மட்டும் ரெண்டு பழுப்புப் பொட்டு. கிளம்புவதற்கு 3 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தியிருந்தோம். ஆனாலும் 20 கொண்டை ஊசி வளைவும் அதற்குப் புதுசு. பாதி மலை ஏறியதும் மகளின் மடியிலேயே நுரையாக வாந்தி எடுத்தது. வண்டியை ஓரம் கட்டி, ஜன்னலைத் திறந்து, வாயைத் துடைத்துவிட்டு, 10 நிமிஷம் நின்ற பிறகுதான் போனோம்.

முதல் ராத்திரி ஹாலில் கூடை போட்டுப் படுக்க வைத்தேன். தாய் நாய் படுத்திருந்த பழைய துண்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன், அதையும் விரித்தேன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைத்தேன். விளக்கை அணைத்ததும் ஆரம்பித்தது. குரைப்பு இல்லை, மெல்லிசாக இழுத்து இழுத்து ஒரு அழுகை. குளிரோ என்று போர்த்தினேன், பசியோ என்று ரெண்டு வாய் ஊட்டினேன். எதற்கும் அடங்கவில்லை. ஒரு மணிக்குக் கூடையைத் தூக்கி வந்து என் கட்டிலோரம் வைத்து, கையை உள்ளே தொங்கவிட்டேன். என் விரலில் மூக்கை முட்டுக்கொடுத்துத் தூங்கிப்போனது. நேற்றுவரை நாலு குட்டிகளோடு ஒன்றுமேல் ஒன்றாகக் கிடந்த உயிர், தனியாக எப்படிப் படுக்கும்?

"இப்படிப் பழக்குனா கடைசி வரைக்கும் ரூமை விட்டுப் போகாதும்மா" என்றார்கள் அத்தை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் ஒரு வாரம் கட்டிலோரமே வைத்துவிட்டு, பிறகு தினம் ஒரு முழம் கதவுப் பக்கமாக நகர்த்துவது என்று முடிவு செய்தேன்.

மூணாம் நாள் வயிற்றுப்போக்கு. குட்டி இளைத்திருக்கிறதே என்று அத்தை ஆசையாகப் பசும்பால் வைத்திருக்கிறார்கள். பால் நிறைய நாய்களுக்குச் செரிக்காது. டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார். இவ்வளவு சின்ன உடம்பில் தண்ணீரும் சர்க்கரையும் சீக்கிரம் இறங்கிவிடும், ஒரு வேளைகூடப் பட்டினி போடாதீர்கள் என்றார். அதுவரை சாப்பிட்டுப் பழகிய அதே தீனியை வெந்நீரில் ஊறவைத்து ஒரு நாளைக்கு 4 வேளை கொடுத்தேன். ரெண்டு நாளில் மலம் கெட்டியானது. பிறகு அத்தையேதான் ஊறவைக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. வீட்டுக்கு முன்னாலேயே காப்பிக்களம். பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நொடி கதவு திறந்திருந்ததில் ஓடிப்போய் ஒரு பழத்தைக் கவ்விவிட்டது. காப்பியில் இருக்கும் கஃபீன் நாய்க்கு விஷம். இதயம் தாறுமாறாக அடிக்கும், வலிப்புகூட வரலாம். வாய்க்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தேன். தோல்தான் கிழிந்திருந்தது, கொட்டை ரெண்டும் உள்ளேயே இருந்தன. உடனே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, சாயந்திரம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே வாசற்படிக்குக் குறுக்கே கம்பிவலை அடித்தோம். அந்தப் படி இதற்கு ஆகவும் ஆகாது. முதுகு நீளம், கால் குட்டை, குதித்துக் குதித்து இறங்கினால் முதுகெலும்புத் தட்டு விலகிவிடலாம். தூக்கும்போதும் ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில். மகளுக்கு இது பழகிவிட்டது.

ஒன்றுக்குப் போகும் பழக்கம் பாதிதான் வந்திருக்கிறது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் பேப்பர்மேல் கொண்டுபோய் விடுகிறேன். தடுப்பூசிகள் முடியும்வரை ரோட்டில் இறக்குவதில்லை. குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

நேற்று பதினாறாவது ராத்திரி. கூடை அறை வாசலைத் தாண்டி ஹாலுக்குள் போயிருந்தது. ரெண்டு மணிக்குத் துண்டு சரசரத்தது. நான் எழவில்லை, இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். எழுந்து நின்றது, மோந்து பார்த்தது, மூணு சுற்றுச் சுற்றியது. பிறகு தொப்பென்று விழுந்து, ஒரு பெருமூச்சு.