அடுப்புக்கு ஒரு நேரம் உண்டு

கோவையிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் மதுக்கரை தாண்டினால் எட்டிமடை, கே.ஜி. சாவடி, வாளையார். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் கஞ்சிக்கோடு. இந்தச் சாலையில் சாப்பாட்டுக் கடை என்றால் முன்பெல்லாம் லாரிக்காரர்களை நம்பி நடந்த கடைதான். வாளையார் செக்போஸ்ட்டில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும், இட்லியும் புரோட்டாவும் எந்நேரமும் ஓடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனை எடுபட்டது, அந்தக் கூட்டமும் போனது. இப்போது வருகிறவர்கள் வேறு ஆட்கள். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து காரில் வரும் குடும்பங்கள். இவர்களை நம்பித்தான் மந்தி, அல்ஃபாம், ஷவர்மா, மலபார் பிரியாணி என்று வரிசையாகக் கடைகள் திறக்கின்றன. பல கடைகள் நன்றாகவே தொடங்குகின்றன. சில மாதங்களில் ருசி இறங்கிவிடுகிறது.

ஆள் மாறிவிட்டார்கள், மாஸ்டர் போய்விட்டார் என்பார்கள். அதுவும் நடக்கிறதுதான். ஆனால் சமையலறைக்குள் நிற்பவர்களுக்குப் பெரிய காரணம் வேறாகத் தெரியும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. புதுக் கடை எல்லாவற்றையும் எல்லா நேரத்திலும் விற்கப் பார்க்கிறது. மதியம் 12 முதல் இரவு 11 வரை மெனுவில் உள்ள அத்தனையும் கிடைக்கும் என்று சொன்னால், அதில் பாதியாவது எப்போதோ செய்து வைத்ததாகத்தான் இருக்கும்.

மந்தியை எடுத்துக்கொள்வோம். இது ஏமன் நாட்டு ஹள்ரமௌத் பகுதியின் சாப்பாடு, வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் வழியாகக் கேரளத்தில் ஊன்றியது. செங்கல்லோ இரும்போ பதித்த குழியில் விறகு எரிந்து கங்காக ஒன்றரை மணி நேரம் ஆகும். கங்கின் மேல் அரிசிப் பானை இறங்கும். அதற்கு மேலே கம்பித் தட்டில் கோழி. கோழியின் கொழுப்பும் மசாலாச் சாறும் சொட்டி அரிசியில் இறங்குவதுதான் மந்தியின் உயிர். மூடியைச் சுற்றி மண்ணோ ஈரச் சாக்கோ வைத்து அடைத்தால் கோழிக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம், ஆட்டிறைச்சிக்கு அதைப் போல இரண்டு மடங்கு. ஆக, கோழி மந்திக்கு மதியம் 12 மணிக்குக் குழி திறக்க வேண்டுமானால் காலை 9 மணிக்கு விறகு பற்றியிருக்க வேண்டும். இரவு 7 மணிக்கு என்றால் 4 மணிக்கு. செல்லா எனும் புழுங்கல் பாஸ்மதி குறைந்தது ஒரு மணி நேரம் ஊறியிருக்க வேண்டும்.

தவறுகள் எங்கே வரும் என்பதும் இதிலேயே இருக்கிறது. விறகு ஈரமாக இருந்தால், அல்லது கங்காகும் முன்பே பானையை இறக்கினால், புகை அரிசியில் ஏறிக் கசக்கும். மூடி சரியாக அடையாவிட்டால் மேல் அரிசி விறைத்து நிற்கும், அடி அரிசி குழையும். கடைசித் தவறு நேரத்தில் வருவது. 12 மணிக்குத் திறந்த குழியிலிருந்து மூன்றரை மணிக்குப் பரிமாறினால் நெஞ்சுக்கறி நார் நாராக வறண்டிருக்கும். அப்போது வாடிக்கையாளர் கோழியைக் குறை சொல்வார், முதலாளி மாஸ்டரைக் குறை சொல்வார். சோற்றுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால், கொதியிலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் விற்கக் கூடாது.

அதனால் புதுக் கடைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, “இங்க என்னங்க ஸ்பெஷல்?” என்பது இல்லை. “மந்தி எத்தனை மணிக்குங்க திறப்பீங்க?” என்று கேளுங்கள். “ஏழு மணிக்குங்க, ரெண்டாவது குழி ஞாயித்துக்கிழமை மட்டும்” என்று சப்ளையர் தயங்காமல் சொன்னால் அந்தக் கடையில் நிம்மதியாக உட்காரலாம். “எப்ப வேணாலும் இருக்குங்க” என்றால் வேறு ஏதாவது சொல்லிக்கொள்வது நல்லது. கரியில் சுடும் அரபுக் கோழியான அல்ஃபாமுக்கும் இதே கணக்கு. மசாலா பிடிக்க ஆறு மணி நேரம், கரியில் வேக அரை மணி நேரத்துக்கு மேல். பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்தால் அது முன்பே பாதி வெந்து காத்திருந்த கோழி.

மந்தியோடு வரும் மயோனைஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸில் சால்மோனெல்லா தங்கும். கேரளம் 2023 ஜனவரியில் அதைத் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. முட்டை இல்லாமலே நல்ல மயோனைஸ் வரும். காய்ச்சி ஆறிய பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, இரண்டு பல் பூண்டு, உப்பு எல்லாவற்றையும் உயரமான பாத்திரத்தில் விட்டு, கைப் பிளெண்டரை அடியில் அழுத்தி ஓட்டி, கெட்டியானதும் மெல்ல மேலே தூக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கடைசியில்தான். முதலிலேயே விட்டால் பால் திரியும். பால் ஃப்ரிட்ஜ் குளிரிலும் எண்ணெய் வெயில் சூட்டிலும் இருந்தால் சேராமல் பிரியும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். செய்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், அதுவரை 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

ஷவர்மாவில் கவனிக்க வேண்டியது கம்பியில் சுற்றும் இறைச்சிக் கூம்பின் அளவு. பர்னர் சூடு வெளிப்புறத்தில் ஒரு விரல் ஆழம் வரைதான் வேக வைக்கும். கூட்டம் இல்லாத நாளில் பெரிய கூம்பு ஏற்றி, ஆர்டர் வராத நேரத்தில் பர்னரை அணைத்து வைத்தால், உள்பக்கம் கிருமி பெருகத் தோதான வெதுவெதுப்பிலேயே நிற்கும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதன் பிறகு கேரளத்தில் விதிகள் இறுகின. பார்சலில் தயாரித்த தேதியும் நேரமும் எழுதுவது கட்டாயமானது. சீவிய கறியைத் தோசைக்கல்லில் போட்டு இன்னொரு முறை வதக்கித் தரும் கடை சரியான கடை. சிறிய கூம்பு ஏற்றி, எட்டரை மணிக்கு “தீந்து போச்சுங்க” என்று சொல்லும் கடை அதைவிட நல்ல கடை.

புரோட்டா இந்த எல்லையின் இரு பக்கத்துக்கும் பொது. ஒரு கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 550 மில்லி சுமார், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய். பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஒரு மணி நேரமாவது கிடக்க வேண்டும். வீசிச் சுருட்டிய பிறகும் இன்னொரு கால் மணி நேரம். இந்த ஓய்வைக் குறைத்தால் வீசும்போது கிழியும், கல்லில் போட்டதும் சுருங்கும். கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். சுட்டதும் நான்கைந்தை அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அடிப்பது அடுக்கு பிரிவதற்காக. ஆறிய பிறகு எவ்வளவு அடித்தாலும் பிரியாது. பாதி வேக்காட்டில் சுட்டு அடுக்கி வைத்து, ஆர்டர் வந்ததும் சூடு காட்டித் தந்தால் செருப்புத் தோல் மாதிரி இழுக்கும். கல் கண்ணில் படுகிற இடத்தில் உட்காருங்கள், மீதி தானே தெரியும்.

காத்திருந்தால் கெடுவது எல்லாப் பண்டமும் இல்லை. குடம்புளி போட்ட மீன்குழம்பு காலையில் வைத்து மதியம் சாப்பிட்டால்தான் சேரும். ஒரு கிலோ மீனுக்கு ஐந்தாறு சுளை, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறியது, மண்சட்டி. இங்கே நேரம் நமக்குச் சாதகம். ஆனால் மீனுக்கு மாதக் கணக்கு ஒன்று உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை டிராலிங் எனும் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை. கோவை உக்கடம் மார்க்கெட்டுக்கு இரு கடல் மீனும் வரும் என்பதால் ஒன்று அடைத்தால் மற்றது கைகொடுக்கும். ஜூன் இரண்டாம் வாரத்தில் சில நாட்கள் இரண்டுமே அடைப்பு. அந்த நாட்களில் ‘ஃப்ரெஷ் நெய்மீன்’ என்று போர்டு வைத்தால் பெரும்பாலும் ஐஸில் இருந்ததாக இருக்கும். நாட்டுப்படகில் வரும் மத்தி, அயிலை, காயலில் பிடிக்கும் கரிமீன் இவற்றைக் கேட்பது புத்திசாலித்தனம்.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிதான் எந்தச் சமையலறைக்கும் சோதனை. ஒரு சைனீஸ் அடுப்பில் ஒரு தடவைக்கு இரண்டு பிளேட் ஃப்ரைட் ரைஸ், வாணலி கழுவுவது சேர்த்து ஐந்து நிமிடம். பன்னிரண்டு பிளேட் ஆர்டர் சேர்ந்தால் கடைசி மேசைக்கு அரை மணி நேரம். அவசரத்தில் நான்கு பிளேட்டை ஒன்றாகப் போட்டால் வாணலிச் சூடு இறங்கி, அரிசி வறுபடாமல் வெந்து ஒட்டும். அதே நேரத்தில் எரிவாயுவும் காலை வாரும். எல்லா பர்னரும் ஒரே சிலிண்டரில் இழுத்தால் 19 கிலோ சிலிண்டரின் மேல் பனி பூத்து அழுத்தம் குறையும், தீ இளைக்கும். நான்கு சிலிண்டரைக் குழாயில் கோத்து வைத்தால் தீ ஒரே சீராக நிற்கும். கடை கட்டும்போதே அதற்கு இடம் விடாதவர்கள் பிறகு தவிக்கிறார்கள். எக்ஸாஸ்ட் குழாயை மேற்கே பார்க்க வைத்தவர்களுக்கும் அதே தவிப்பு: ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று புகையைத் திருப்பி உள்ளேயே தள்ளும்.

அவசரம் இல்லாமல் சாப்பிட விரும்புகிறவர்கள் மதியம் 12 மணி அடித்ததும் வந்துவிடுங்கள். பிரியாணி தம் அப்போதுதான் உடையும், எண்ணெய் அன்றைய எண்ணெயாக இருக்கும், சப்ளையருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். புரட்டாசியிலும் சபரிமலை சீசனிலும் அசைவம் ஓட்டம் குறையும் என்பதால் அந்த மாதங்களில் சைவம் சொல்வதே மேல், சமைத்தது உடனுக்குடன் தீரும். பார்சல் வாங்கினால் சோறும் கறியும் மயோனைஸும் தனித்தனி டப்பாவில் கேளுங்கள். சூட்டோடு மூடிய டப்பாவில் ஆவி நீராகிச் சோற்றை நனைக்கும், பக்கத்தில் வைத்த மயோனைஸும் சூடேறும். மூடியில் இரண்டு ஓட்டை போட்டுத் தரச் சொன்னால் கோயம்புத்தூர் போய்ச் சேரும் வரை தாங்கும்.