அசெம்பிள் செய்த கணினி ஆன் ஆகாத இரண்டு நாட்கள்

மகள் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்த பிறகு, வீட்டிலிருந்த பழைய மடிக்கணினி அவளுடைய முப்பரிமாண வரைபடங்களைத் திறப்பதற்கே திணறியது. புதிதாக ஒன்றை நாமே சேர்த்துக் கட்டலாம் என்று முடிவு செய்து, சென்னைக்குச் சென்று ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, பாகங்களை வாங்கிக்கொண்டு இரவு ரயிலில் திருச்சிக்குத் திரும்பினேன். ரைசன் 5 7600 பிராசசர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையாக அதற்கேற்ற பி650 வகை மைக்ரோ ஏடிஎக்ஸ் (முழு ஏடிஎக்ஸை விடச் சிறிய அளவு) மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, தரவைச் சேமிக்க ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, மின்சாரம் வழங்க 650 வாட் எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றையும் உள்ளே வைக்க ஒரு கேபினட். கிராபிக்ஸ் கார்டை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். இந்தப் பிராசசரிலேயே படம் காட்டும் பகுதி சிறிய அளவில் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் தொடங்கி மாலைக்குள் எல்லாவற்றையும் பொருத்தினோம். மகள்தான் பொத்தானை அழுத்தினாள். பிராசசர் மேலிருந்த விசிறி அரைச் சுற்று அசைந்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தியபோது அந்த அசைவும் இல்லை.

அந்த நேரத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவது, ஏதோ ஒரு பாகம் செத்துப்போய்விட்டது, உடனே கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எந்தப் பாகம் என்று தெரியாமல் எதை அனுப்புவது என்ற கேள்வியே என்னை நிறுத்தியது. பிறகு இரண்டு நாட்களில் நாங்கள் கண்டுபிடித்தது இரண்டு தனித்தனிக் காரணங்கள். இரண்டிலும் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. இதே நிலையில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கணினி ஆன் ஆகவில்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆன் ஆவது என்பது ஒரே செயலன்று. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கிக்கொண்ட எஸ்எம்பிஎஸ், கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு ஒரு கம்பியைத் தரையோடு இணைத்து, எழுந்திரு என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்கிறது. 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்கள் எழுந்து நிலைபெற்றதும், எல்லாம் சரி என்ற குறிப்பை எஸ்எம்பிஎஸ் திருப்பி அனுப்புகிறது. அதன் பிறகே பிராசசர், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸில் உள்ள முதல் கட்டளையைப் படிக்கிறது, பிறகு ரேமைத் தயார் செய்கிறது, பிறகு திரை, கடைசியில்தான் எஸ்எஸ்டியும் இயங்குதளமும் வருகின்றன. ஆகவே எது கெட்டது என்று கேட்பதை விட, இந்த வரிசையில் எதுவரை போய் நின்றது என்று கேட்டால் விடை விரைவில் கிடைக்கிறது.

எங்கள் கணினி எதுவரை போனது? விசிறி அரைச் சுற்று அசைந்தது என்றால் பொத்தான் வேலை செய்கிறது, மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பியிருக்கிறது, 12 வோல்ட் ஒரு கணம் வந்திருக்கிறது. இதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக உணரவில்லை. எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார்; மல்டிமீட்டரோடு வந்தவர், சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி போட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னார். விசிறி மீண்டும் அரைச் சுற்று அசைந்து நின்றது. அதற்குப் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டால் மட்டும் ஒரே ஒரு முறை அசைந்தது.

“தம்பி, இது செத்துப்போன செட் இல்லை. எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது” என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியம்தான் தேடலின் திசையை மாற்றியது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கண்டால் எஸ்எம்பிஎஸ் உடனே வெளியீட்டை நிறுத்திப் பூட்டிக்கொள்கிறது. சுவர் மின்சாரத்தைச் சற்று நேரம் நிறுத்தினால்தான் அந்தப் பூட்டு விடுபடுகிறது. நாங்கள் கண்ட நடத்தை அப்படியே இதுதான்.

முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதித்தோம். எல்லாப் பாகங்களிலிருந்தும் அதைக் கழற்றி, 24 பின் கனெக்டரில் 16-ஆம் பின்னையும் அருகிலுள்ள 17-ஆம் பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால், மதர்போர்டு இல்லாமலே அது எழுந்துகொள்ளும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 16-ஆவது பச்சைக் கம்பி, 17-ஆவது கறுப்பு. இப்போது வருபவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருப்பதால் மதர்போர்டுக் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். சுவர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே கம்பியைச் செருகிவிட்டுப் பிறகுதான் போட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் இணைப்பை எடுத்த பிறகும் ஆபத்தான மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மல்டிமீட்டரில் 12.08, 5.04, 3.33 என்று வந்தது. இந்த மூன்றிலும் 5 விழுக்காடு கூடுதல் குறைவு ஏற்கத்தக்கது என்பதால், 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருந்தாலே போதும். ஆனாலும் சுமை ஏதும் இல்லாமல் எடுத்த அளவு இது. சுமை ஏறும்போது தாங்குமா என்பதை இது காட்டாது என்று அண்ணன் எச்சரித்தார்.

அடுத்த வேலை எனக்குக் கடினமாக இருந்தது. பொறுமையாகக் கட்டிய வயர்களையெல்லாம் அவிழ்த்து, மதர்போர்டை முழுவதுமாகக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்தோம். அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதை வைத்தோம். மின்னேற்றத்தைத் தடுக்கும் உறையின் மேல் வைப்பவர்கள் உண்டு. அந்த உறைகளில் பலவற்றின் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் வெறும் அட்டையே நல்லது. பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், 24 பின் கனெக்டர், பிராசசருக்கான 8 பின் கனெக்டர், திரைக்கான எச்டிஎம்ஐ கேபிள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் இணைக்கவில்லை. கேபினட்டின் பொத்தான்கூட இல்லை. பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவரின் நுனியால் ஒரு கணம் தொட்டோம்.

விசிறி சுற்றத் தொடங்கியது, நிற்கவில்லை.

அட்டையின் மேல் ஓடுகிறது, கேபினட்டுக்குள் ஓடவில்லை என்றால் காரணம் கேபினட்டில்தான் இருக்க வேண்டும். கைபேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தபோது மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகள் 9 இருந்தன. எங்கள் மதர்போர்டில் திருகுத் துளைகள் 8. முழு ஏடிஎக்ஸ் பலகை 305 மி.மீ. உயரமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது, அதற்கென்றே முன்கூட்டிப் பொருத்தி அனுப்பப்பட்ட தாங்கிகளின் மேல், அதைவிடச் சிறிய பலகையை நான் வைத்துத் திருகிவிட்டேன். ஒன்பதாவது தாங்கி துளையே இல்லாத இடத்தில், பலகையின் பின்புறத்தில் ஈயம் வைத்த முனைகளை முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. துளைகளைச் சுற்றியுள்ள உலோக வளையங்கள் தரை இணைப்புக்காகவே வைக்கப்பட்டவை. அங்கே பித்தளை தொட்டால் தீங்கில்லை. மற்ற இடங்களில் மின்சாரம் ஓடும் முனைகள் கேபினட்டின் தகரத்தோடு இணைந்தால் ஷார்ட். அந்த இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. அதற்கு மேல் சேதமில்லை. எஸ்எம்பிஎஸ் நொடிக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டதால்தான் மதர்போர்டு பிழைத்தது. மலிவான, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இந்தக் கீறலே காரணம்.

ஆனால் திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (திரை), பூட் (இயங்குதளம்) என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. கணினி எந்தப் படியில் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். இந்த வசதி இல்லாத பழைய பலகைகளில் சிறு ஸ்பீக்கரின் பீப் ஒலியை எண்ணித்தான் அறிய வேண்டியிருந்தது. எங்களுடையதில் டிராம் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ரேமில் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் அணைத்தேன். ரேமைக் கழற்றித் துடைத்துச் செருகினேன், மீண்டும் மஞ்சள், அணைத்தேன். இரண்டாவது ரேமை மாற்றிப் பார்த்தேன், மீண்டும் மஞ்சள். சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி பயாஸ் அமைப்புகளை அழித்தேன். மீண்டும் அதே மஞ்சள். இரண்டு ரேம்களும் ஒரே நேரத்தில் கெட்டிருக்குமா என்ற ஐயத்தோடு அன்றிரவு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் மதர்போர்டுக் கையேட்டை வரி வரியாகப் படித்துவிட்டு வந்து, “அப்பா, முதல் தடவை ரேம் டிரெய்னிங் நடக்கும், சில நிமிடங்கள் ஆகும், அதுவரை அணைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது” என்றாள்.

டிடிஆர்5 ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே ஒவ்வொரு தடத்திலும் நொடிக்குப் பல நூறு கோடி முறை தரவு போய்வருகிறது. எங்களுடையது 6000 என்று குறிக்கப்பட்டது, அதாவது நொடிக்கு 600 கோடி முறை. அந்த வேகத்தில் பலகையின் தடங்களில் உள்ள மிகச் சிறிய நீள வேறுபாடும், ஒவ்வொரு சில்லுக்கும் உரிய தனித்தன்மையும் கணக்கில் வந்துவிடுகின்றன. ஆகவே பிராசசரில் உள்ள நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி, காலத்தையும் மின்னழுத்தத்தையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றித் தரவை எழுதிப் படித்துப் பார்த்து, பிழையில்லாமல் வரும் நிலையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. டிரெய்னிங் எனப்படும் அந்தத் தேடல் முடியும் வரை திரையில் எதையும் காட்ட வழியில்லை. ரேம் தயாராகும் படியைத் தாண்டினால்தான் திரைக்கான படியே வருகிறது. 2022 செப்டம்பரில் வந்த, எங்களுடையதும் அடங்கும் ஏஎம்5 வகைப் பலகைகளில் இந்த முதல் காத்திருப்பு நீளமானது. அதற்கு முன் நான் கட்டிய டிடிஆர்4 கணினியில் சில நொடிகளில் படம் வந்துவிட்டது. அந்த அனுபவமே இப்போது என்னைத் தவறான பக்கம் அழைத்துச் சென்றது. நான் அணைத்த ஒவ்வொரு முறையும் அந்தத் தேடல் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றியதும் அதே வகைத் தவறுதான்.

இம்முறை ஒரு ரேமோடு ஆன் செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான்கு நிமிடம் கடந்து ஐந்தை நெருங்கும்போது மஞ்சள் விளக்கு அணைந்து, திரையில் மதர்போர்டின் பெயர் வந்தது. மகள் கை தட்டினாள். அண்ணனுக்கு உடனே போன் செய்தேன்.

இரண்டாவது ரேமைச் செருகும்போது பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களைப் பயன்படுத்தினோம். பெரும்பாலான பலகைகளில் தடங்கள் முதல் இடத்தைத் தொட்டுக்கொண்டு அடுத்த இடத்தில் முடிகின்றன; கடைசி இடத்தில் ரேம் இல்லாமல் விட்டால் அந்த வெறும் முனையிலிருந்து சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பும். இம்முறையும் டிரெய்னிங் நடந்தது. இம்முறை பதற்றமில்லாமல் காத்திருந்தோம்.

எங்கள் கணினியில் இல்லாவிட்டாலும், நண்பர்கள் வீட்டில் நான் பார்த்த சில காரணங்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விசிறி ஓடியும் திரை கறுப்பாகவே இருந்தால் பிராசசருக்கான 8 பின் கனெக்டர் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பலகையின் மேல் மூலையில் இருப்பதால் அதை மறந்துவிடுவது எளிது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டரும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் தரையும் இடம் மாறியிருப்பதால் அதை வலிந்து செருகினால் விளைவு மோசமாகும். கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் திரைக் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பதும், எழுத்து எஃப் என்று முடியும் 7500எஃப் போன்ற, படம் காட்டும் பகுதி இல்லாத பிராசசரை வாங்கிவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் படத்தை எதிர்பார்ப்பதும் அடிக்கடி நடக்கின்றன. பிராசசரை விடப் பலகை பழையது என்றால் பயாஸைப் புதுப்பிக்கும் வரை அது பிராசசரை அடையாளம் காணாது. பென் டிரைவைச் செருகிப் பின்புறப் பொத்தானை அழுத்தியே புதுப்பிக்கும் வசதி பல பலகைகளில் இருக்கிறது. ஏஎம்5 பலகையில் பிராசசர் அமரும் சாக்கெட்டில் 1718 மெல்லிய பின்கள் இருக்கின்றன. பிராசசரை வைப்பதற்கு முன் அவற்றில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம்.

ஒன்பதாவது தாங்கியைக் கழற்றிவிட்டு, ஞாயிறு மாலைக்குள் எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் மறுபடி பொருத்தினோம். ஒவ்வொரு பாகத்தையும் சேர்த்த பிறகு ஒரு முறை ஆன் செய்து பார்த்தோம். பயாஸில் எக்ஸ்போ அமைப்பை இயக்கி ரேமை 6000-க்கு ஏற்றியதும் டிரெய்னிங் இன்னொரு முறை நடந்தது. கண்டுபிடித்த அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பையும் இயக்கிய பிறகு, அரை நிமிடத்துக்குள் திரை வருகிறது. அன்றிரவு முழுவதும் ரேம் சோதனை நிரலை ஓடவிட்டு, காலையில் பிழைகள் 0 என்று இருப்பதைப் பார்த்த பிறகே பக்கக் கதவை மூடித் திருகுகளை முடுக்கினோம்.