டயர் வாங்கும் முன் ரிம்மின் உள் அகலத்தை அளந்துவிடுங்கள்

என் மவுண்டன் பைக்கில் இருந்த 2.1 அங்குல டயர்கள் தேய்ந்தபோது, அகலம் கூடினால் பிடிமானமும் கூடும் என்ற நம்பிக்கையில் 2.4 அங்குல டயர்களை மாட்டினேன். நேர்ப்பாதையில் அதிர்வு நன்றாகவே குறைந்தது. ஆனால் சற்று வேகமாக வளைவில் சாய்ந்தால் போதும், ரிம் ஒரு பக்கமும் டயர் இன்னொரு பக்கமும் நழுவுவது போல ஒரு நெளிவு காலடியில் தெரிந்தது. காற்றை 32 பிஎஸ்ஐ வரை ஏற்றியபோது நெளிவு அடங்கியது. ஆனால் சரளைக்கல்லில் டயர் துள்ளத் தொடங்கியது. காற்றைக் குறைத்தால் பழைய நெளிவு திரும்பிவந்தது. கடைசியில் டயரைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரை ரிம்மின் இரண்டு உட்சுவர்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். சரியாக 19 மில்லிமீட்டர் காட்டியது.

கோளாறு அங்கேதான் இருந்தது: 2.4 அங்குல டயருக்கு அந்த ரிம் மிகக் குறுகல். டயரில் ரிம்முக்குள் உட்காரும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உள்ள நூலிழைத் துணியின் நீளம் மாறாதது. அந்த இரண்டு ஓரங்களும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைத் தீர்மானிப்பது ரிம். ஓரங்கள் நெருங்கி நின்றால் டயர் பல்பைப் போல அடியில் சிறுத்து மேலே பருத்துவிடுகிறது. வளைவில் பக்கவாட்டு விசை வரும்போது, நிமிர்ந்து தாங்க வேண்டிய பக்கச்சுவர் அந்தச் சிறுத்த இடத்தில் மடிகிறது. டியூப்லெஸ் டயராக இருந்து காற்றும் குறைவாக இருந்தால், அதே விசை ஓரத்தை ரிம்மிலிருந்து ஒரு கணம் விலக்கி, காற்றைச் சட்டென்று வெளியேற்றவும் கூடும்.

அளக்கும்போது பலரும் ரிம்மின் வெளி அகலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சுவர்களின் தடிமனும் அதில் சேர்ந்துவிடுவதால் அந்த எண் பல மில்லிமீட்டர் கூடுதலாக வரும். அதை நம்பி டயர் வாங்கக் கூடாது. ரிம்மின் மேலேயே பெரும்பாலும் 622×19 என்பது போல அச்சிட்டிருக்கும்: 622 என்பது டயரின் ஓரம் உட்காரும் இடத்தின் விட்டம், 19 என்பது உள் அகலம், இரண்டுமே மில்லிமீட்டரில். டயரின் பக்கச்சுவரில் 61-622 என்று இருந்தால் அகலம் 61 மில்லிமீட்டர், அதாவது 2.4 அங்குலம், 29 அங்குலச் சக்கரத்துக்கு உரியது. 27.5 அங்குலச் சக்கரமானால் 584, பழைய 26 அங்குலமானால் 559. அங்குலக் கணக்கைவிட இந்த எண்களையே நான் நம்புகிறேன்.

என் அனுபவத்தில், 25 மில்லிமீட்டர் உள் அகலத்துக்கு 2.1 முதல் 2.4 அங்குலம் வரையிலும், 30 மில்லிமீட்டருக்கு 2.3 முதல் 2.6 வரையிலும், 35 மில்லிமீட்டருக்கு 2.5 முதல் 2.8 வரையிலும் டயர்கள் நன்றாக உட்காருகின்றன. சில தயாரிப்பாளர்கள் எந்த ரிம்மை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். மாக்ஸிஸ் டயர்களில் ‘டபிள்யூ டி’ (WT) என்ற குறி இருந்தால், அவை 30 முதல் 35 மில்லிமீட்டர் வரையிலான ரிம்களுக்காக உருவாக்கப்பட்டவை.

இதைப் படித்துவிட்டு, கிடைப்பதிலேயே அகலமான ரிம்மைத் தேடிப் போக வேண்டாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒருமுறை 35 மில்லிமீட்டர் ரிம்மில் 2.25 அங்குல டயரை ஏற்றிப் பார்த்தேன். டயரின் மேற்பரப்பு தட்டையாக விரிந்து, அதன் இருபக்க விளிம்பிலும் உள்ள ரப்பர் பட்டன்கள் நேராக ஓட்டும்போதே தரையைத் தொட்டன. சைக்கிளைச் சாய்த்தபோது ஊன்றிப் பிடிக்க அவற்றுக்கு அப்பால் எதுவும் மிச்சமில்லை. பக்கச்சுவர் புடைத்து நின்று ரிம்மை மறைக்க வேண்டும். அதற்கு மாறாக ரிம்மின் விளிம்பே வெளியே தெரிந்தது. இரண்டாம் நாளே ஒரு கூர்கல் பக்கச்சுவரைக் கிழித்தது.

அந்த 2.4 அங்குல டயர்களை இறுதியில் 30 மில்லிமீட்டர் ரிம்முக்கு மாற்றினேன். உள் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் விரியும் என்பது வழக்கமான கணக்கு. எனக்கும் பழைய ரிம்மில் 57 காட்டிய அதே டயர் புதியதில் 61க்குப் பக்கத்தில் வந்தது. இப்போது முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறேன். வளைவில் நெளிவு இல்லை, சரளையில் துள்ளலும் இல்லை. அந்த நான்கு மில்லிமீட்டருக்குப் பின்பக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். டயரை முழுக் காற்றோடு சுற்றிவிட்டு, இருபக்கமும் சேறு ஒட்டிக்கொண்டாலும் உரசாத அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் முதல் தடவை பாதையில் இறங்கினேன்.