கடலைத் தாண்டும் கேள்விகள்

மொரீஷியசின் எபேன் சைபர் சிட்டியில் எங்கள் குழு பொறுப்பேற்ற செயலி, சரக்கு முகவர்களுக்கானது. சரக்கு, வாடிக்கையாளர், சுங்க ஆவணம், கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இயங்கும் நிரல்கள், அதாவது சேவைகள். அத்தனையும் அயர்லாந்திலுள்ள கிளவுடில், அதாவது வாடகைக்குக் கிடைக்கும் தரவு மையத்தில். முன்னால், ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தைக்கொண்டு எழுதிய அழகான திரை. ஆனாலும் போர்ட் லூயிஸில் ஒரு கன்டெய்னரின் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். மொரீஷியசிலிருந்து அயர்லாந்து நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 10,000 கி.மீ. போய்வர 100 மில்லிவினாடிக்குக் குறைய வழியே இல்லை. கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். திரையோ முதலில் சரக்கைக் கேட்கும். பதில் வந்தபின் அதிலுள்ள எண்ணைக்கொண்டு வாடிக்கையாளரை, பிறகு ஆவணங்களை, பிறகு ஒவ்வோர் ஆவணத்தின் நிலையை. ஒவ்வொரு கேள்வியும் கடலைத் தாண்டிப் போய்வர வேண்டும்; இதற்கு எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் பயனில்லை.

சேவைகளை எப்படிப் பிரிப்பது என்று நாள்கணக்கில் விவாதிக்கிறோம். துறைமுகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெட்டி இன்று வெளியே போகுமா? அதற்கு ஒரே பதிலாகத் தொகுத்துத் தரும் இடைச்சேவையை மற்றச் சேவைகளுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். தரவு மையத்துக்குள் அவை பேசிக்கொள்ள ஓரிரு மில்லிவினாடி போதும். கடலைத் தாண்டுவது ஒரு தடவைதான். திரைக்கேற்ற இந்த இடைச்சேவையை வீண் அடுக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அசூர் 2019-இல் ஜோகன்னஸ்பர்க்கில் மையம் திறந்தது. பின்னர் மொத்தத்தையும் அங்கே மாற்றினோம். தூரம் சுமார் 3,000 கி.மீ. ஆனது.

படிப்பதைவிடப் பதிவதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. பொத்தானை அழுத்தியதுமே ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிவிட்டு, சேவையின் பதிலுக்குத் திரைமறைவில் காத்திருப்பது இப்போது வழக்கம். பள்ளியில் தமிழ் படித்த ரோஸ் ஹில் பெண் ஒருவர் எங்கள் குழுவில் சோதனை பார்க்கிறார். அவர் கேட்டார்: “அண்ணா, சேமித்துவிட்டது என்று திரை சொல்கிறதே, அங்கே போய்ச் சேர்ந்ததா?” சுங்கப் படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருக்கக்கூடாது. இப்போது திரை மூன்று நிலைகளைக் காட்டுகிறது: ‘இந்தக் கணினியில் உள்ளது’, ‘அனுப்பப்படுகிறது’, ‘பதிவானது’. ஒவ்வொரு படிவத்தோடும் தனி அடையாள எண் போவதால், இணைப்பு அறுந்து மீண்டும் அனுப்பினாலும் இரண்டாகப் பதிவாகாது.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடியபோது பல முகவர்கள் பாதியில் எழுந்து போக வேண்டியிருந்தது. எழுதியவை உலாவியிலேயே காத்திருந்தன; இணைப்பு திரும்பியதும் தாமாகவே போய்ப் பதிவாயின. கட்டணச் சேவை மட்டும் இன்னும் மெதுவாகத்தான் பதில் தருகிறது. அதனால் பக்கத்தின் மற்றப் பகுதிகள் அதற்காகக் காத்து நிற்காதபடி கட்டணப் பகுதியைத் தனியே ஏற்றுகிறோம்.