பையருக்கு எழுதும் மெயிலில் 'ஹேட்' (had) எப்போது?

துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு ஆர்டர் விவரம் பேசும் திருப்பூர் மெர்ச்சண்டைசர்களின் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி: "வி ஹேட் சென்ட் த லேப் டிப் எஸ்டர்டே." லேப் டிப் என்பது கலர் சரியா என்று பார்க்க அனுப்பும் சாயத் துணி மாதிரி. இங்கே ஹேட் வேண்டாம், "வி சென்ட்" போதும். "நேத்தே அனுப்பியிருந்தோமுங்க" என்று பேசிப் பழகிய வாய், அந்த 'இருந்தோமை' அப்படியே ஹேட் ஆக்கிவிடுகிறது. படிக்கிற வெளிநாட்டுக்காரரோ, அனுப்பிய பிறகு என்ன ஆச்சு என்று அடுத்த வரியைத் தேடுவார். நாளைக் குறிப்பிடாமல், கூரியர் ரசீதை இணைத்து இப்போதைய நிலவரம் சொல்வதானால் "வி ஹேவ் சென்ட்".

ஹேட் வர, முடிந்துபோன காலத்திலேயே முன்னது, பின்னது என்று இரண்டு இருக்க வேண்டும். முன்னதுக்குத்தான் ஹேட். "வென் யுவர் மெயில் கேம், வி ஹேட் கட் த ஃபேப்ரிக்" என்றால் மெயில் வரும்போதே துணி வெட்டியாகிவிட்டது. ஹேட்டை எடுத்துவிட்டு வெறும் "வி கட்" என்று எழுதினால், மெயிலைப் பார்த்த பிறகு வெட்டியதாக அர்த்தம். அது கலரை மாற்றச் சொல்லி வந்த மெயில் என்றால், வெட்டிய துணியின் நஷ்டம் யார் தலையில் என்ற வாதமே இந்த ஒரு சொல்லில் நிற்கும். கூட ஒரு "ஆல்ரெடி" போட்டுவிட்டால் சந்தேகமே வராது.

"பிஃபோர்", "ஆஃப்டர்" இருந்தால் வரிசை தானாகவே தெரியும். ஹேட் உங்கள் இஷ்டம். "த வெசல் லெஃப்ட் தூத்துக்குடி பிஃபோர் வி காட் யுவர் மெயில்" சரியான வாக்கியம்தான்.

டையிங் (சாயம் போடும்) தாமதத்தை விளக்கும் நீண்ட மெயிலில் வரிக்கு வரி ஹேட் போடுபவர்கள் உண்டு. படிக்கவே மூச்சு வாங்கும். முதல் வாக்கியத்தில் ஹேட் போட்டுப் பின்னோக்கிப் போய்விட்டால், அடுத்தடுத்து நடந்ததைச் சாதாரண இறந்தகாலத்திலேயே சொல்லலாம்.

"பை ஃப்ரைடே, வி ஹேட் பேக்ட் 4,000 பீசஸ்" என்பது போன வெள்ளிக்கு. வருகிற வெள்ளிக்கு "வில் ஹேவ் பேக்ட்".

ஹேட்டுக்குப் பின் மூன்றாம் வடிவம்தான் வரும்: ஹேட் கான், ஹேட் ரிட்டன். "ஹேட் வென்ட்", "ஹேட் ரோட்" தவறு. அதைவிட அதிகம் விட்டுப்போவது "பீன்". "த கார்ட்டன்ஸ் ஹேட் சீல்ட்" என்றால் பெட்டிகள் தாமாகவே ஒட்டிக்கொண்ட மாதிரி. "ஹேட் பீன் சீல்ட்" என்று எழுத வேண்டும்.

"இஃப்" வரும் பக்கத்தில் "வுட் ஹேவ்" கூடாது. "இஃப் வி ஹேட் நோன், வி வுட் ஹேவ் ஸ்டாப்ட் த கட்டிங்." அமெரிக்கர்கள் சிலர் பேச்சில் இரண்டு பக்கமும் வுட் போடுவார்கள், மெயிலில் நீங்கள் போட வேண்டாம்.