நெற்றிக்கண் வேண்டும்: காரைக்குடி நாட்குறிப்பு

மே 4, திங்கள்

அப்பத்தாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. முகப்பில் நின்று தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களையே உற்றுப் பார்க்கிறார். "இந்தப் பூவுக்குள் நீலமும் இருந்திருக்கிறதே!" கண்ணுக்குள் பழுத்து மஞ்சளித்த இயற்கை வில்லை (லென்ஸ்) இத்தனை காலமாக நீலத்தை மறைத்திருக்கிறது. இப்போது அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்திருக்கிறார்கள்.

போர் விமானிகளின் கண்ணில் தைத்த அக்ரிலிக் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் பொறுத்துக்கொள்வதைக் கவனித்தவர் ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி. அதே வகைப் பொருளில் வில்லை செய்து 1949இல் லண்டனில் ஒருவர் கண்ணுக்குள் வைத்தார். 1992 முதல் மதுரையின் அரோலேப் நிறுவனம் அத்தகைய வில்லைகளைத் தயாரிக்கிறது.

மே 6, புதன்

நீலம் திரும்பிவிட்டது. அதற்கும் அப்பால் போனால் என்ன? புற ஊதா ஒளியைத் தடுப்பது முக்கியமாக நம் இயற்கை வில்லைதான். அது இல்லாதவர்களுக்கு அந்த ஒளி ஓரளவு தெரியும். நினைத்தபோது திறந்து மூடும் வில்லை ஒன்று கிடைத்தால், சூரியகாந்தியின் நடுவே தேனீ காணும் கரு வட்டத்தை நானும் ஒரு நொடி பார்த்துக்கொள்வேன். அதிக நேரம் கூடாது, விழித்திரைக்குக் கேடு.

இன்னும் பெரிய ஆசை, வெப்பத்தைப் பார்ப்பது. உச்சி வெயிலில் தெருச் சுவர் தகிக்க, வீட்டு நடு வளவின் தூண் குளிர்ந்து நிற்பதைக் கையால் தொடாமலே காண வேண்டும். ஆனால் அதைக் கண்ணுக்குள் வைக்க முடியாது. உடல் வெப்பம் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணில் உள்ள நீரே விழுங்கிவிடும். போதாததற்குக் கண்ணுக்கும் உடல் சூடு உண்டு, உள்ளே வைத்த கருவி அந்த வெப்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே கருவி விழிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். நெற்றியில்! வெப்பத்துக்கான கண்ணுக்கு நம் முன்னோர் குறித்த இடம் சரியாகத்தான் இருக்கிறது.

மே 9, சனி

ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியில் 60 மின்முனைகள். பார்வை இழந்தவர்களுக்கு வெளிச்சப் புள்ளிகளாவது தெரிந்தன. பிறகு அதைச் செய்த நிறுவனம் கைவிட்டுவிட, கருவியைக் கண்ணில் சுமந்தவர்கள் பழுதுபார்க்க ஆளின்றித் தவித்தார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. உப்பு நீரில் உலோகம் அரிப்பதைப் பற்றி ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இதே ஊரில் இருக்கிறது. என் நெற்றிக்கண்ணை இங்கேயே கழற்றிச் சரிசெய்ய முடியாதென்றால் எனக்கு அது வேண்டாம்.

மே 10, ஞாயிறு

அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சுவருக்குள் ஈரம் ஊறும் இடத்தை அது காட்டுமா?" என்றார். காட்டும், ஈரம் உலரும் இடம் குளிர்ந்திருக்கும். அப்படியானால் முதலில் இரண்டாம் கட்டின் தெற்குச் சுவரைப் பார்க்க வேண்டுமாம்.