யார் வரவில்லை?

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஒரு தெருவில், மாடியில் தகரக் கொட்டகை போட்டுச் சபை தொடங்கினோம். பதினோரு குடும்பங்கள், எல்லோரும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். பிரசங்கம் நன்றாக இருந்தால் சபை நிலைத்துவிடும் என்று நான் நம்பிய காலம் அது.

எட்டாம் மாதம் ஓர் அக்காவைக் காணவில்லை. கம்பெனியில் டெய்லருக்கு உதவியாக நிற்கும் கைமடி வேலை, கணவர் இல்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். நான்காம் ஞாயிறு அவருடைய காம்பவுண்ட் வீட்டுக்குப் போனால், டைபாய்டில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. “வாருங்கள் ஐயா” என்று அக்கா பாயை விரித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எருசலேமின் முதல் சபையிலேயே, அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விதவைகள் விடுபட்டதால் முறுமுறுப்பு எழுந்தது. அந்த வேலைக்கென்று ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். பைபிளில் இதைச் சொல்லும் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன் என்பதுதான் வெட்கம்.

எங்களுக்கு ஏழு பேர் கிடைக்கவில்லை, மூன்று பேர்தான். வீடு சந்திப்புக்கு நேரம் பிடிப்பது பெரும்பாடு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் வேதம் வாசித்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் கடைக்குப் போவார்கள். மிச்சம் ஞாயிறு மதியம். அது துணி துவைக்கும் நேரம். துவைக்கிற கல்லருகிலேயே நின்று பேசப் பழகினோம். ஜெபம் இரண்டு நிமிடம். வந்தவர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, வராதவர்களின் பெயரை மட்டும் ஒரு நோட்டில் எழுதினோம்.

பிறகு ஒரு தம்பியின் தாயார் விடியற்காலையில் வீட்டிலேயே இறந்துபோனார். புதுச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவே இல்லை. அருகிலிருந்த பழைய சபையில் கேட்டேன். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்றார்கள். சொந்த ஊர்ச் சபையிலோ ஆறு வருடச் சந்தா பாக்கி. உடல் கூடத்தில் கிடக்க, போனில் பேரம் நடந்தது. கசப்பான சொல்தான், ஆனால் நடந்தது அதுதான். கைமடி அக்கா தன் வாரச் சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகு மற்றவர்களும் பையைத் திறந்தார்கள்.

இறந்த இடம் திருப்பூர் என்பதால் இறப்பைப் பதிய வேண்டியதும் இங்கேதான், 21 நாளுக்குள். மூவரில் ஒருவர் அந்த அலைச்சலை ஏற்றுக்கொண்டார். நான் ஆம்புலன்ஸில் இரவெல்லாம் அந்தத் தம்பியோடு அவன் ஊருக்குப் போனேன். அங்கே அடக்க ஆராதனையை ஊர்க் குருவானவர் நடத்தினார். எனக்கு ஒரு பிடி மண் போடும் வேலை மட்டும். வழி நெடுக அவன் பேசியதைக் கேட்டிருந்தேன், அது போதும்.

இப்போது புதுக் குடும்பம் எது வந்தாலும் முதல் சந்திப்பிலேயே, ஊர்ச் சபையில் சந்தா கட்டி வருகிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: “வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் எங்களை வழியனுப்பப் பார்க்கிறீர்களா ஐயா?”